அறுபது தாண்டிய உழவருக்கு எதுக்குப் பயிற்சி?

"நாள் பூரா மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு எதுக்குய்யா உடற்பயிற்சி? அதெல்லாம் ஏசி ரூம்ல உக்காந்திருக்கிறவனுக்குப் போய்ச் சொல்லு." விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம்ம உழவர் கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கிற பதில் இது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். சொல்லிவிட்டு இரண்டு முட்டியிலும் கையை ஊன்றி, "அப்பாடா" என்று நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள்.

உழைக்கிற உடம்பில் பலம் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. நான் பேச நினைப்பது சுதாரிப்பைப் பற்றி. மழைக்கு நெகிழ்ந்துபோன வரப்பில் கால் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் விழ ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் உடம்பு சாய்வதை உள்காது கண்டுபிடித்துச் சொல்லணும், கண் அடுத்த காலை எங்கே வைக்கலாம் என்று பார்க்கணும், மூளை முடிவெடுக்கணும், மறுகால் சட்டென்று எட்டு எடுத்து வைத்து மொத்த எடையையும் தாங்கணும். இது அத்தனையும் சேர்ந்ததைத்தான் நாம் "தடுக்கிச்சு, ஆனா சுதாரிச்சிட்டேன்" என்கிறோம். ஆங்கிலத்தில் 'அஜிலிட்டி' என்று ஒரு சொல் இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்குச் சொல்வது. நம்ம சுதாரிப்பு அதைவிட நல்ல சொல், ஏனென்றால் அதில் உடம்பும் இருக்கிறது, புத்தியும் இருக்கிறது.

வயது ஏற ஏற நம்ம தசையில் முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கி விரியும் இழைகள்தான். நின்று நிதானமாக மண் வெட்டுகிற, மூட்டை தூக்குகிற பலம் ரொம்ப வருஷம் கூட வரும். சட்டென்று எட்டு வைக்கிற வேகம் அதற்கு முன்னாலேயே போய்விடும். அதனால்தான் எழுபது வயதிலும் கரும்பு வெட்டுகிற மனுஷர் வீட்டு வாசப்படியில் தடுக்கி விழுகிறார். ஊரே ஆச்சரியப்படுகிறது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருஷத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகம் முழுக்க வருஷத்துக்கு 6,84,000 பேர் விழுந்து சாகிறார்கள் என்றும் அதே நிறுவனம் கணக்கு சொல்கிறது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருஷத்துக்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை.

நம்ம இதழில் இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர். நாலு ஏக்கரில் பதினைந்து வருஷமாக ஒரு சொட்டு ரசாயனம் இல்லாமல் நெல்லும் உளுந்தும் மல்லாட்டையும் போட்டவர். ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கும்; 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரு நாளில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் கொட்டியது. வெள்ளம் வடிந்து பத்து நாள் கழித்து, உடைந்த மடையைப் பார்க்கப் போனவர் வரப்பில் சறுக்கி விழுந்தார். இடுப்பு போச்சு. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. பார்த்த டாக்டர், "இனிமே வயல் பக்கம் போகாதீங்க, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்படி எழுந்து நடக்கப் பழகுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சென்னையிலிருந்து மகன் வந்தான், நிலத்தைக் குத்தகைக்கு விட்டான். எடுத்தவர் அந்தப் பட்டத்திலேயே களைக்கொல்லி அடித்தார். பெரியவர் குதிரில் வைத்திருந்த ஒன்பது வகை விதைநெல்லை மாற்றி விதைக்க ஆளில்லாமல் அந்து பிடித்துவிட்டது. அவர் இப்போது திண்ணையில் இருக்கிறார். பார்க்கப் போனால், "அந்த தூயமல்லிய யாராவது எடுத்துட்டுப் போயி வெதச்சிருக்கலாமேப்பா" என்கிறார்.

மண்ணைத் தேற்ற எத்தனை வருஷம் ஆகும் என்று இதைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அது ஒரு ஆள் விழுந்ததில் போய்விட்டது. நம்ம மாவட்டத்தில் இயற்கை விவசாயத்தைத் தாங்கிப் பிடிக்கிற பாதிக் கால்கள் நரைத்த கால்கள். இடுபொருள், சந்தை, சான்றிதழ் என்று மூணு மணி நேரம் பேசுகிறோமே, இந்தக் கால்களைப் பற்றி மூணு நிமிஷம் பேசியிருக்கிறோமா?

"பாப்பம்மா பாட்டி எந்தப் பயிற்சி எடுத்தாங்க?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் இயற்கை விவசாயம் செய்தவர், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், 2024 செப்டம்பரில் மறைந்தார். அவரை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. ஆனால் அவரோடு ஒரே காலத்தில் வயலில் இறங்கி, இடையில் விழுந்து படுத்து, பெயர் தெரியாமலேயே போனவர்கள் எத்தனை பேர்? தப்பிப் பிழைத்த ஒரு மரத்தைக் காட்டி, இந்தத் தோப்புக்குத் தண்ணீரே வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

வயல் வேலை ஒரு காலத்தில் நல்ல பயிற்சியாக இருந்தது, உண்மைதான். நடவை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் சேற்றில் பின்னால் பின்னால் எட்டு வைத்துப் போகணும். கை நாற்றைப் பிரிக்கும், கண் வரிசை பார்க்கும், வாய் பாட்டுப் பாடும், காது பக்கத்து ஆளின் பாட்டைப் பிடிக்கும். இன்று வெளிநாட்டுப் பயிற்சிக் கூடங்களில் காசு வாங்கிக்கொண்டு முதியவர்களைப் பின்னோக்கி நடக்க வைக்கிறார்கள். நடந்துகொண்டே கணக்குப் போடச் சொல்கிறார்கள். எங்க ஆயா கூலி வாங்கிக்கொண்டு அதைச் செய்தது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லணும்: அப்படி நட்ட பெண்களின் முதுகும் முட்டியும் என்ன ஆனது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பழைய வேலையைப் புகழ்ந்து பாட எனக்கு மனசு வரவில்லை. நாள் முழுக்க ஒரே பக்கம் குனிந்து ஒரே அசைவைச் செய்வது உடம்பைத் தேய்க்கிறது. இப்போது நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம், வயலுக்குப் போக வண்டி. தேய்மானம் குறைந்தது நல்லது. அதோடு சேர்ந்து சுதாரிப்புக்கு இருந்த பழக்கமும் போய்விட்டது.

மிச்சம் இருக்கிற வேலையில் ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது. ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் போட ஓடுகிறோம். பதினாறு லிட்டர் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு மீன் அமிலம் அடிக்கும்போது உள்ளே தண்ணீர் அலம்பி ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. போதாதற்கு வரப்பில் நடந்துகொண்டே செல்போன்.

செல்போன் என்றதும் ஒன்று சொல்லணும். 1997-ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் எளிய சோதனை ஒன்று செய்தார்கள். முதியவரோடு கூட நடந்தபடி பேச்சுக் கொடுப்பது, அவ்வளவுதான். பேச ஆரம்பித்ததும் நடையை நிறுத்திவிட்டவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள். நடப்பதற்கே மூளை முழுக் கவனமும் செலவழிக்க வேண்டிவந்தால், பேச்சுக்குக் கொடுக்க மிச்சம் இருக்காது. அடுத்த முறை உங்க ஊர்ப் பெரியவரோடு நடக்கும்போது கவனித்துப் பாருங்கள்.

லார்ஸ் டோனாத்தும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2016-ல் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். முதியவர்களுக்குப் பலத்துக்கு ஒரு பயிற்சி, சமநிலைக்கு ஒரு பயிற்சி, மூச்சுக்கு ஒரு பயிற்சி என்று தனித்தனியாகத் தருகிறோமே, வாழ்க்கையில் இவை தனித்தனியாகவா வருகின்றன? ஓடி நிற்பது, திரும்புவது, திசை மாறுவது, அதற்குள் முடிவெடுப்பது, எல்லாம் சேர்ந்த சுதாரிப்புப் பயிற்சியாகவே கொடுத்தால் என்ன? எனக்கு இது ஊடுபயிர் மாதிரிப் பட்டது. ஒரே நிலத்தில், ஒரே தண்ணியில் நாலு விளைச்சல்.

மூளைக்கும் இதில் பங்கு உண்டா? அமெரிக்காவில் ஜோ வர்கீஸ் குழு, 75 வயதைத் தாண்டிய 469 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்கள் பார்த்த உடல்சார்ந்த பொழுதுபோக்குகளில், மறதி நோய் குறைவாக வந்ததோடு தொடர்பு தெரிந்தது நடனத்துக்கு மட்டும்தான். நடனத்தில் தாளத்தைக் கேட்கணும், அடியை ஞாபகம் வைக்கணும், கூட ஆடுபவரை இடிக்காமல் திரும்பணும். அதற்காக, ஆடினால் மறதி நோய் வராது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மூளை தெளிவாக இருப்பவர்கள்தான் ஆடப் போயிருக்கவும் கூடும். ஆனால் நடமாட்டம் குறைவது மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் ஒன்று என்பதை மருத்துவ உலகம் இன்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளிவந்த கணக்கு சொல்கிறது. எந்த ரகத்தை எந்தப் பட்டத்தில் விதைப்பது என்கிற அறிவு ஏட்டில் இல்லாமல் தலைக்குள் இருக்கும்போது, அந்தத் தலையைப் பார்த்துக்கொள்வதும் விதை காப்பதில் சேரும்தானே.

நம்மிடம் ஆட்டம் இல்லாமலா போச்சு? கும்மி வட்டத்தில் குனிந்து நிமிர்ந்து, கை தட்டி, பாட்டெடுத்து, அடி மாற்றிச் சுற்றியவர்கள் நம்ம வீட்டுப் பெண்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்திருப்பீர்கள். வயதான கூத்துக்காரர் கனமான புஜக்கட்டையும் கிரீடத்தையும் கட்டிக்கொண்டு கிறுக்கி சுற்றுவார். சுற்றி நிற்கும்போது கால் பிசகாது. பிள்ளைகள் ஆடிய பாண்டியும் கிளித்தட்டும் சுதாரிப்புப் பயிற்சியைத் தவிர வேறென்ன?

பாண்டியைச் சும்மா சொல்லவில்லை. ஜப்பானில் சிகெமட்சு, ஒகுரா என்ற ஆய்வாளர்கள் முதியவர்களுக்காகக் கட்டம் தாண்டும் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். ஒரு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம். அதில் 25 சென்டிமீட்டர் சதுரமாக, குறுக்கே 4, நெடுக்கே 10, ஆக 40 கட்டம். ஒருவர் நடந்து காட்டுவார்: வலது, இடது, குறுக்கே, பின்னால். மற்றவர்கள் பார்த்து, ஞாபகம் வைத்து, கோட்டை மிதிக்காமல் அதே மாதிரி நடக்கணும். போகப் போகக் கணக்கு சிக்கலாகும். வெறும் நடைப்பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்குக் கால்களின் திறன் கூடுதலாக மேம்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். கோட்டை மிதித்தால் அவுட்டு. எங்க ஊர்ச் சின்னப் பொண்ணுக்கு இது புதுசா?

இதைத்தான் எங்கள் ஊரில் ஒரு வருஷமாகச் செய்கிறோம். எட்டுப் பேர், மூணு பேர் பெண்கள். வாரத்தில் மூணு நாள், சாயங்காலம் அரை மணி. நெல் காய வைக்கிற களத்தில் கோலமாவால் கட்டம் போடுகிறோம். முதலில் கொஞ்சம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருகிறோம். அப்புறம் கட்டம். கட்டம் முடிந்ததும் ஒரு ஆட்டம். ஒருவர் குரல் கொடுப்பார். 'நெல்லு' என்றால் வலப்பக்கம் ரெண்டு எட்டு, 'உளுந்து' என்றால் இடப்பக்கம், 'மல்லாட்டை' என்றால் நின்று திரும்பணும், 'களை' என்றால் அசையக் கூடாது. எல்லோருக்கும் பழகினதும் விதியை மாற்றிவிடுவோம்: இனி உளுந்துதான் வலப்பக்கம். கூத்து அங்கேதான் ஆரம்பிக்கும். எழுபத்திரண்டு வயது பெரியம்மா ஒருத்தர், "ஏம்பா, நெல்லுன்னு சொல்லிட்டு உளுந்து போட வைக்கிறியே, நீ என்னா வியாபாரியா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். கடைசியாக, ஒருவர் கையை ஒருவர் தொட்டுக்கொண்டு குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் நேர்க்கோட்டில் நடப்பது. நடந்துகொண்டே ஆளுக்கு ஒரு நெல் ரகம் சொல்லணும். ஏற்கனவே சொன்னதைச் சொல்லக் கூடாது. பூங்கார், கிச்சிலிச் சம்பா, கருப்புக் கவுனி, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா... முதல் ஆளுக்குச் சுலபம், எட்டாவது ஆளுக்கு வேர்த்துவிடும்.

இது ஆராய்ச்சி இல்லை, நாங்கள் எட்டுப் பேர் எதையும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் ஆரம்பத்தில் ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்க முடியாதவர்கள் ஐந்து பேர். இப்போது ஒருவர்தான். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரைச் சோதித்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப் பத்து நொடி நிற்க முடியாதவர்களிடம் அடுத்த சில வருஷங்களில் இறப்பு கூடுதலாக இருந்தது. ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். உடம்பின் நிலவரத்தைக் காட்டுகிற ஒரு அளவுகோல், மண் பரிசோதனை மாதிரி. வீட்டில் சுவர் பக்கத்தில், பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

அவசரக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலி, தலைசுற்றல், சமீபத்தில் ஆபரேஷன், ஏற்கனவே ரெண்டு மூணு முறை விழுந்தது என்று இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் இதில் இறங்காதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டலாம். கண்புரை இருந்தால் முதலில் அதை எடுங்கள். கட்டமே தெரியாதவர் கட்டத்தில் எப்படி நடப்பார்? ஈரத் தரை வேண்டாம், தேய்ந்த செருப்பு வேண்டாம். குதிக்கவே வேண்டியதில்லை, எட்டு வைத்தால் போதும்.

இன்னொன்று நம்மவர்களுக்கு மட்டும். இயற்கைக்கு வருவதற்கு முன்னால் நம்மில் பலர் இருபது முப்பது வருஷம் மூக்கில் துண்டுகூடக் கட்டாமல் மருந்து அடித்தவர்கள். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளோடு நீண்ட காலம் புழங்கியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் கூடுதலாக வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பாராகுவாட் அதில் பேர் போனது. செடியிலிருந்து எடுப்பதால் 'இயற்கை மருந்து' என்று ஒரு காலத்தில் விற்ற ரோட்டினோனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நடையில் எட்டு சுருங்குவது, திரும்பும்போது தடுமாறுவது, நடக்கையில் ஒரு கை வீசாமல் இருப்பது, கை நடுங்குவது, இதெல்லாம் அதன் அறிகுறிகள். வயசாயிடுச்சு என்று விட்டுவிடாமல் நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், படுத்துவிட்டவர்களின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருகிறார். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆள் மாதத்தில் ஒரு நாள், இன்னும் விழாதவர்களுக்காக ஊர்ப் பொது இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் என்ன? நியூசிலாந்தில் ஒட்டாகோ பயிற்சி என்று ஒன்றை உருவாக்கி, வீட்டிலேயே செய்கிற எளிய கால் பயிற்சி, சமநிலைப் பயிற்சிகளால் முதியவர்கள் விழுவதை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டினார்கள். அதற்குத் தேவைப்பட்டது ஒரு பயிற்சியாளரும், காலில் கட்ட ஒரு எடையும், கொஞ்சம் நடையும்தான். கிராம சபையில் ரோட்டுக்கும் தண்ணிக்கும் மனு கொடுக்கிறோம். இதற்கும் ஒரு மனு எழுதுவோம்.

அரசாங்கம் வருகிறவரை காத்திருக்க வேண்டாம். விழுப்புரம் கூட்டமோ திண்டிவனம் கூட்டமோ, காலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறோம். டீ குடித்ததும் இருபது நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள் என்பது என் கோரிக்கை. மேடையில் இருப்பவர்களும் இறங்கி வரணும். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். இடுப்பெலும்பு முறிவு அவர்களுக்குத்தான் அதிகம், நம்ம கூட்டத்தில் நாற்காலி குறைவாகக் கிடைப்பதும் அவர்களுக்குத்தான். அடுத்த கூட்டத்துக்குக் கோலமாவும் அளவு நூலும் நான் கொண்டு வருகிறேன். குரல் கொடுக்க எங்க ஊர்ப் பெரியம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். விதியை அவர்தான் மாற்றுவாராம்.